பண்ணைக் காவலுக்கு நாய்க்குட்டி: கோலினும் கவளமே மேல்

பசுவுக்குத் தீவனம் எவ்வளவு, உழவெருதுக்கு லாடம் எப்பொழுது, கோழிக்கு வரும் நோய் யாது என்றெல்லாம் விவசாய அன்பர்களுக்கு எடுத்துரைப்போர் பலர். அவற்றையெல்லாம் இரவு முழுதும் காத்துக் கிடக்கும் நாயைக் குறித்துப் பேசுவோர் சிலரே. களத்து மேட்டு நெற்குவியலுக்கும், தோட்டத்து மோட்டார் கொட்டகைக்கும், ஆட்டுப் பட்டிக்கும் நாயின் காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பது நிலமுள்ள யாவரும் அறிந்த விஷயம். ஆயினும் அந்நாயைக் குட்டிப் பருவத்தில் பழக்கும் விதத்தைப் பற்றி நம்மவரிடையே நிலவும் அபிப்பிராயம் பெரும்பாலும் பிழைபட்டது என்றும், அப்பிழையினால் வரும் நஷ்டம் நாய்க்கு மட்டுமன்றி நமக்கும் உரியது என்றும் இவ்வியாசத்தில் எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

காவல் நாய் என்றால் அது கொடியதாய் இருத்தல் வேண்டும். கொடியதாக வேண்டுமானால் பகல் முழுதும் சங்கிலியிற் கட்டி, அரைவயிறு சோறிட்டு, தவறு செய்த போதெல்லாம் நன்றாக அடித்து வளர்க்க வேண்டும். கொஞ்சி விளையாடினால் நாய் கெட்டுப்போகும். இதுவே ஊர்தோறும் நாம் கேட்கும் உபதேசம். இவ்விதம் வளர்ந்த நாய் பின்னர் என்ன ஆகின்றது என்று ஆராய்ந்து பார்ப்போர் இலர். பயத்தினாற் கடிக்கும் நாய்க்குத் திருடனும் ஒன்றே, களை பறிக்க வந்த பெண்ணும் ஒன்றே, தபால்காரரும் ஒன்றே. அறுப்புக் காலத்தில் சங்கிலி அவிழ்ந்து கூலியாளின் குழந்தையைக் கடித்துவிட்டால் அதன்பின் அந்நாயை வைத்திருக்கவும் இயலாது, விரட்டவும் மனம் வராது. பெரும்பாலும் ஊர்ப்புறத்துச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தெருநாய்த் தொல்லை என்று நாம் முறையிடுவதில் ஒரு பங்கு நம் வீட்டுத் திண்ணையிலேயே உற்பத்தியானது.

கவளங் கொடுத்துப் பழக்கும் முறை நம் குடியானவர்களுக்குப் புதியதன்று. பால் கறக்கும் வேளையில் பசுவின் முன் பிண்ணாக்குத் தண்ணீர் வைக்கிறோம். சில நாட்களில் கறவைச் செம்பின் ஓசை கேட்டவுடனே பசு தானாகவே வந்து தன் இடத்தில் நிற்கிறது. அதே பசுவை அந்த வேளையில் ஒருவன் அடித்து மிரட்டினால் பாலை அடக்கிக்கொள்ளும். காளைக்கன்றை ஏருக்குப் பழக்குவோர் முதிர்ந்த எருதுடன் பிணைத்து, கொஞ்ச தூரம் நடத்தி, தட்டிக்கொடுத்து, மறுநாள் இன்னுங் கொஞ்ச தூரம் நடத்துகிறார்கள். மாட்டினிடத்தில் இவ்வளவு பொறுமை காட்டும் ஒருவர், அதே தொழுவத்தில் நிற்கும் நாய்க்குட்டியிடம் மட்டும் கோலை எடுப்பது விந்தையே.

செயலின் விளைவு இன்பமாயின் பிராணி அச்செயலை மறுமுறையும் செய்யும் என்பதை அமெரிக்க நாட்டுத் தார்ன்டைக் என்பவர் 1898-ஆம் ஆண்டில் பூனைகளைக் கூண்டில் வைத்துச் சோதித்துக் காட்டினார். நாய்களைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகளும் இதே வழியிற் செல்கின்றன. 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்போரை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், வெகுமதியால் பழக்கினோரின் நாய்கள் கீழ்ப்படிதலில் மேம்பட்டிருந்தன. தண்டித்தோரின் நாய்களிடம் தீய பழக்கங்கள் மிகுந்திருந்தன. இவ்வித விசாரணையில் காரணம் எது, காரியம் எது என்று துணிவது எளிதன்று. முரட்டு நாயாக இருந்ததனாலேயே அடித்திருக்கலாம் என்று வாதிப்பாரும் உளர். ஆனால் 2020-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டில் பழக்குபள்ளிகளுக்குச் சென்ற 92 நாய்களை நேரே பார்வையிட்டு, எச்சிலிலுள்ள கார்டிஸால் என்னும் பொருளையும் அளந்தபோது, கண்டித்துப் பழக்கும் பள்ளிகளைச் சேர்ந்த நாய்களிடம் மனக்கலக்கத்தின் அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்டன. கலக்கமடைந்த பிராணி எதையும் செவ்வையாகக் கற்காது என்பதற்குப் பள்ளிக்கூடம் போன நம் அனைவருக்கும் சொந்த அனுபவமே சாட்சி.

குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் வயதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. முப்பதாம் நாளிலேயே கூடையில் வைத்து எடுத்து வந்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது கூடாது. எட்டு வாரம் நிறையும் வரை குட்டி தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் இருத்தல் அவசியம். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்வது அவற்றிடமே. மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள பருவத்தில் எதைக் கண்டு பழகுகின்றதோ அதற்கு நாய் பின்னர் அஞ்சாது என்பதை ஸ்காட், புல்லர் என்னும் இருவர் நெடுநாள் ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். ஆகவே குட்டி வீட்டுக்கு வந்த முதல் மாதமே பொன்னான காலம். டிராக்டரின் சத்தம், குடை பிடித்தவர், தலைச்சுமையுடன் வரும் பெண்கள், தவழும் குழந்தை, ஆடு, மாடு ஆகிய யாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி, அஞ்சாது நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கவளம் கொடுத்தல் வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியை ஊர்நாய்கள் திரியும் தெருவில் இறக்கி விடாமல் கையில் ஏந்திச் செல்வது நலம்.

நம் நாட்டு ஜாதிகளுள் இராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பெயர் பெற்றவை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குரிய ஓட்டநாய்கள். நம் தபால் இலாகா 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையமும் இடம் பெற்றது. அந்த வெள்ளை நாயை விரும்பி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வினத்தில் பிறவிச் செவிடு உண்டாவது உண்டு. குட்டி வேறுபக்கம் பார்த்திருக்கையில் பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்தல் நன்று. கேளாத குட்டியைப் ‘பிடிவாதம் பிடித்தது’ என்று அடித்தே கொன்றவர்களும் உண்டு. அத்தகைய குட்டியும் கைச்சாடையினால் நன்கு பழகும். ஜாதி நாய்தான் வேண்டுமென்பதுமில்லை. நம் ஊரில் பிறந்த நாட்டுக்குட்டி வெயிலைப் பொறுக்கும், வந்ததை உண்ணும், விலையுங் கிடையாது.

இனி, வீட்டை அசுத்தஞ் செய்யாதிருக்கப் பழக்கும் முறை. இதில்தான் அடி உதை மிகுதி. திண்ணையிற் சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்த்து அடித்தல் வழிவழியாக வந்த பழக்கம். குட்டி இதனால் அறிந்துகொள்வது, ‘எஜமானன் எதிரில் சிறுநீர் கழித்தல் ஆபத்து’ என்பது மாத்திரமே. அதன்பின் அது குதிருக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்து போய்க் கழிக்கும்; வெளியே அழைத்துச் சென்றாலோ நம் கண்ணெதிரில் கழிக்க அஞ்சி அடக்கி வைத்துக்கொள்ளும். நாமே கெடுத்துவிட்டு நாயின் குணத்தைக் குறை கூறுகிறோம்.

சரியான முறை மிக எளியது. பதினைந்து இருபது நாட்கள் சிரத்தை வேண்டும், அவ்வளவே. எட்டு வாரக் குட்டியால் சிறுநீரை வெகுநேரம் அடக்க இயலாது. எத்தனை மாதக் குட்டியோ அதனுடன் ஒன்று கூட்டி அத்தனை மணி நேரம் என்பது ஓர் உத்தேசக் கணக்கு; இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி. இது தூங்கும் போது. விழித்து ஓடியாடும் வேளையில் அதுவும் தாங்காது. ஆதலின் தூங்கி எழுந்தவுடன், உண்டு முடித்த சிறிது நேரத்திற்குள், விளையாட்டு முடிந்தவுடன், மற்ற நேரத்தில் ஒன்றரை இரண்டு மணிக்கு ஒருமுறை, கொல்லையில் ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தரையை முகர்ந்து வட்டமிட்டால் காலம் வந்துவிட்டதென்று அறிக. அங்கே கழித்து முடித்த கணத்திலேயே ‘சபாஷ்’ என்று மகிழ்ந்து கூறி, மடியில் வைத்திருக்கும் கவளத்தைக் கொடுங்கள். ஓரிரண்டு விநாடிக்குள் கொடுத்தால்தான் எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்கு விளங்கும். வீட்டிற்குள் திரும்பி வந்தபின் கொடுத்தால், வீட்டிற்குள் வந்ததற்காகவே கிடைத்ததென்று எண்ணும். மழை நாளிலும் உடன் செல்லத்தான் வேண்டும். கதவைத் திறந்து தள்ளிவிட்டு நாம் திண்ணையில் நின்றுகொண்டால் குட்டி கதவைப் பிராண்டுவதிலேயே கருத்தாயிருக்கும்.

கவனிக்க ஆளில்லாத சிறிது நேரத்திற்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடை பெரிதும் உதவும். எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் போதுமான இடமிருந்தால் குட்டி தான் படுக்கும் இடத்தை இயன்ற மட்டும் அசுத்தஞ் செய்யாது. பழைய சாக்கொன்றை உள்ளே விரித்து, பக்கத்தில் இருந்து கவளமிட்டு, முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் என்று பழக்குக. தண்டனைக்காக அதில் அடைத்தலாகாது. நாள் முழுதும் கவிழ்த்து வைத்தல் கொடுமையேயாகும். இரவில் குட்டியின் கூடையை நாம் படுக்கும் இடத்திற்கு அருகிலேயே வைத்தால் அது முனகும் ஓசை கேட்கும். முதல் இரண்டு வாரம் நள்ளிரவில் ஒருமுறை எழுந்துதான் தீர வேண்டும். நெல் வயலுக்கு முறைத்தண்ணீர் பாய்ச்ச இரவில் எழுபவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

தவறு நேர்ந்துவிட்டால் சத்தமின்றிக் கழுவிவிடுங்கள். வாடை எஞ்சியிருப்பின் குட்டி மறுபடியும் அவ்விடத்தையே நாடும். நவச்சார நெடியுள்ள மருந்துகள் சிறுநீர் வாடையை ஒத்திருத்தலால் அவற்றை விலக்குக. சலவைத்தூள் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி வெயிற்படும்படி விடுதல் போதும். நம்மைக் கண்டவுடன் வாலைக் குழைத்துப் பணிந்து சில துளி சிறுநீர் விடும் குட்டிகளும் உண்டு. அது குற்றமன்று, வணக்கம். அதட்டினால் அதிகமாகும், குனிந்து பாராமல் அமைதியாக இருந்தால் வளர வளரத் தானே நின்றுவிடும்.

‘செய்த தவறு அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்’ என்று கூறுவோர் அநேகர். அந்தக் குற்றமுள்ள முகத்தை ஹொரோவிட்ஸ் என்னும் அம்மையார் 2009-ஆம் ஆண்டில் சோதித்தார். நாய் தவறு செய்திருந்தாலும் செய்யாதிருந்தாலும், எஜமானர் அதட்டிய போதே அம்முகம் தோன்றியது. ஆகவே ஒரு நாழிகைக்கு முன் செய்ததற்கு இப்பொழுது அடிப்பது, ஒருவன் கடனுக்கு மற்றொருவன் வீட்டை ஜப்தி செய்வது போன்றதாம்.

கவளம் என்றதும் செலவை நினைத்து அஞ்ச வேண்டாம். நிலக்கடலைப் பருப்பின் அளவே போதும். வேகவைத்த முட்டையின் துணுக்கு, எலும்பு நீக்கிய கோழியிறைச்சித் துணுக்கு, உப்புப் போக ஊறவைத்துக் கழுவிய கருவாட்டுத் துண்டு, இவையுமில்லையேல் தயிர்ச்சோற்றின் சிறு உருண்டை. வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்புச் சோற்றை நாய்க்கு இடுதல் ஆகாது. அவை இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிப்பவை. திராட்சையும் சாக்லேட்டும் விஷமாகும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். ஆடு வளர்ப்போருக்கு மற்றுமொரு எச்சரிக்கை: அறுத்த ஆட்டின் தலையையும் ஈரல் நுரையீரல்களையும் பச்சையாக நாய்க்கு எறியாதீர்கள். அவற்றிலுள்ள நாடாப்புழுவின் கட்டிகள் நாயின் வயிற்றில் புழுவாகி, அதன் மலத்தின் வழியாக மீண்டும் மேய்ச்சல் நிலத்தை அடைந்து, ஆடு தலைசுற்றி விழும் நோய்க்கும், மனிதர் ஈரலில் நீர்க்கட்டி உண்டாவதற்கும் காரணமாகின்றன.

விளையாட்டைச் சிறுபிள்ளைகளின் வேலை என்று பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். குட்டிக்கோ அதுவே பள்ளிக்கூடம். எதை விளையாடுகிறதோ அதையே வளர்ந்தபின் தொழிலாகச் செய்யும். கோழியைத் துரத்தும் குட்டியைக் கண்டு முற்றத்திலிருப்போர் சிரித்து மகிழ்வது வழக்கம். ஆறு மாதத்திற்குப் பின் அதே நாய் அடுத்த வீட்டுக் கோழியைக் கொன்று வாயிற் கவ்வி வரும்போது ஒருவரும் சிரிப்பதில்லை, பஞ்சாயத்துத்தான் நடக்கிறது. ஓட்டநாய்க் குட்டிகளிடத்தில் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். கோழிகளோ ஆட்டுக்குட்டிகளோ மேயும் இடத்தில் குட்டியைக் கயிற்றில் பிடித்துச் சற்று எட்டவே நில்லுங்கள். அது அவற்றைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் கணம் ஒன்று வரும். அக்கணத்திற்கு விலை அதிகம். உடனே கவளங் கொடுங்கள். நாள்தோறும் ஓரடி நெருங்குக. சினை ஆட்டுக்கும் கன்று ஈன்ற பசுவுக்கும் அருகில் மட்டும் விடவேண்டாம்; ஒரு முட்டிலே குட்டி ஆயுளுக்கும் மாட்டைக் கண்டு அஞ்சும்.

கையைக் கடிக்கும் குட்டியை வாயில் அறைவதால் அது கையைக் கண்டாலே பயப்படும். கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி, எழுந்து முகந்திருப்பி நில்லுங்கள். அரை நிமிஷங் கழித்து மறுபடி விளையாடலாம். கடித்தால் ஆட்டம் நின்றுபோம் என்பதைச் சில நாட்களில் அது கண்டுகொள்ளும். நான்கு மாதம் முதல் ஏறக்குறைய ஆறேழு மாதம் வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும்; அப்பொழுது ஈறு அரிப்பெடுப்பதனால் செருப்பையும் மண்வெட்டிப் பிடியையும் கடிக்கும். பழந்துணியை முறுக்கி முடிச்சிட்டு நனைத்துக் கொடுத்தால் செருப்புப் பிழைக்கும். அதே துணிமுடிச்சைப் பற்றி இழுத்து விளையாடி, ‘விடு’ என்று சொல்லி, விட்டவுடன் ஒரு கவளமும் கொடுத்து முடிச்சையும் திருப்பிக் கொடுங்கள். பின்னாளில் அது வாயிற் கவ்விய கோழிக்குஞ்சையோ விஷமுள்ள பொருளையோ ஒரு சொல்லால் விடச் செய்யலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அழைத்தால் வருதல். வீட்டார் இருவர் முற்றத்தின் இருபுறமும் அமர்ந்து மாறி மாறிப் பெயர் சொல்லி அழைத்து, வந்த ஒவ்வொரு முறையும் தட்டிக்கொடுத்துக் கவளமிடுக. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஐந்து நிமிஷத்திற்கு மேல் வேண்டாம். அழைத்து அடித்தல் மட்டும் ஒருநாளும் கூடாது. எவ்வளவு கோபமாயிருந்தாலும், வந்த நாயை அடித்தால் அன்றோடு அந்தச் சொல் செத்துப்போம். சாலையில் லாரி வரும்போது அச்சொல்லுக்குத்தான் உயிரின் விலை.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். கவளத்திற்குப் பழகிய நாய், திருடன் இறைச்சித் துண்டு எறிந்தால் அவன் பின்னாலேயே போய்விடும் என்கிறார்கள். அரைவயிறாய்க் கட்டிக்கிடக்கும் நாயைக் காட்டிலும் எளிதில் விலைபோகக் கூடியது எது என்று அவர்கள் சொல்ல வேண்டும். மூடிய கையில் கவளத்தை வைத்து நீட்டி, குட்டி முண்டுவதை விட்டுப் பின்வாங்கிக் காத்திருக்கும்போது ‘எடு’ என்று சொல்லி மறுகையிலிருந்து கொடுத்துப் பழக்கினால், சொல்லின்றி உண்ணாத பழக்கம் படியும். விஷம் வைப்பவனிடமிருந்து இது முழுக்காப்பு என்று சொல்லத் துணியோம். வயிறு நிறைந்த நாய்க்கு ஆபத்து குறைவு என்பது மட்டும் திண்ணம். அந்நியனைக் கண்டு குரைத்தல் காவல் ஜாதிகளுக்குப் பிறவிக்குணம். வளர்ந்து முதிரும்போது தானே வெளிப்படும். அதை அடித்து உண்டாக்க வேண்டியதில்லை.

எப்போதும் மடியில் கவளத்துடன் திரிய முடியுமா என்பது மற்றொரு கேள்வி. வேண்டியதில்லை. பழக்கம் படிந்தபின் மூன்று முறைக்கு ஒன்று, ஐந்து முறைக்கு ஒன்று என்று குறைத்து, மற்ற வேளைகளில் ஒரு சொல்லும் தடவுதலும் போதும். எப்பொழுது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்காகப் பிராணி சலியாது உழைக்கும். மழையை நம்பி விதைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சி மன்றத்தாரும் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இரண்டு. பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவு, நியாயமற்ற நேரம் குறுகிய அல்லது கனமான சங்கிலியிற் கட்டுதலையும், எப்பொழுதும் கட்டியே வைக்கும் நாயை நடமாட விடாதிருத்தலையும் குற்றமாக வைத்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் அமுலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள பிராணியினால் மனிதருக்கு உயிராபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய பந்தோபஸ்து செய்யத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே எந்நேரமும் கட்டியும் வைக்கலாகாது, கடிக்கும் நாயைக் காவலின்றி அவிழ்த்தும் விடலாகாது. சிறுவயதிலேயே செவ்வையாகப் பழக்கிய நாயை வைத்திருப்போருக்கு இவ்விரண்டு சங்கடமும் இல்லை.

ஊசிகளை மறத்தலாகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி தொடங்கி, நான்கு மாதம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்திற்கொருமுறை போடுதல் வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் தவணைகளில். வெறிநோயின் குறிகள் தோன்றியபின் மனிதரைப் பிழைக்க வைத்தல் அநேகமாக இயலாத காரியம். ஆதலின் எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் தினமாதலால் அதையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம்கள் நடைபெறுகின்றன. அங்கே நாய்களைக் கழுத்தில் கயிறிறுக இழுத்து வருவதும், நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதும், வந்தவர்களில் ஒருவர் கடிபடுவதும் வாடிக்கையான காட்சி. ஊராட்சியார் முகாமைப் பதினைந்து நாள் முன்னதாகத் தண்டோராப் போட்டு அறிவித்தால் வீட்டாருக்கு அவகாசம் கிடைக்கும். அந்தப் பதினைந்து நாளும் தினம் ஒருமுறை குட்டியின் காதையும், வாயையும், நான்கு பாதங்களையும் தொட்டுப் பார்த்து, பிடரித் தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவளம் கொடுத்து வாருங்கள். முகாமன்று மடியில் இரண்டு முட்டையை அவித்து எடுத்துக்கொண்டு, கூட்டம் சேருமுன் காலையிலேயே சென்றுவிடுங்கள். மருத்துவர் ஊசியை எடுக்கும்போது குட்டி உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.